நூற்றிருபது வயதுக்குத் திட்டம் போட்டவர்

எங்கள் பஞ்சாயத்துத் தலைவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. நூற்றிருபது வரை இருப்பது என்று முடிவு செய்திருந்தார். வாலாஜாபாத் வைத்தியர் ஒருவர் காயகல்ப லேகியம் கிண்டிக் கொடுப்பார். அது போதாதென்று வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சத்து ஊசி. அதைப் போட சைக்கிளில் போகிற அரசாங்க சுகாதார உதவியாளன் நான்தான். சட்டையைக் கழற்றித் தோளைத் தட்டிக் காட்டுவார்.

"இன்னாபா, வாலிபம் திரும்பிக்கினு கீதா?"

"திரும்பிடுச்சுங்க ஐயா" என்பேன். அந்தத் தொளதொளத்த சதையைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாகக்கூட இருந்ததில்லை.

இந்த மனுஷன்தான் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கும் தலைமை. ஐம்பதுகளின் கடைசி அது. "நாட்டுல வாய் பெருகிப்போச்சு, சோறு பத்தாது" என்று மைக்கில் முழங்கினார். இன்னும் ஐம்பது வருஷம் தின்னத் திட்டம் போட்டிருந்தவருக்குத் தன்னுடையதும் ஒரு வாய்தான் என்று தோன்றவே இல்லை. பேசி முடித்ததும் தன் நிலத்து ஆட்களை வரிசையில் நிற்க வைத்தார்.

மூன்று பிள்ளை இருந்தால்தான் ஆபரேஷன். அதற்கான ஃபாரம் எழுதியது நான். அவரிடம் ஏர் ஓட்டுகிறவனைக் கேட்டேன்.

"மூணு சாமி" என்றான்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் செத்த பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். விட்டுவிட்டுச் சொன்னால் அதைப் பெறவே இல்லை என்று ஆகிவிடுமாம். இது எனக்கு நன்றாகத் தெரியும். உயிரோடு எத்தனை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வரிசை குறையும், தலைவர் முகம் கோணும். மூன்று என்றே எழுதிக்கொண்டேன்.

உயிரோடு இருந்தது ஒரே ஒரு பெண். அடுத்த மழைக்கால வாந்திபேதியில் அதுவும் போய்விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, ஏர் ஓட்டுகிறவனின் பெண்டாட்டி தலைவர் வாசலில் வந்து நின்றாள்.

"எம் புருசனுக்குக் கட்டுனத அவுத்து வுடச் சொல்லு சாமி. வூட்ல ஒண்ணுகூட இல்ல."

தலைவரிடம் சொன்னாளே தவிர, பார்த்தது என்னைத்தான். அது அவிழ்க்க முடியாத கட்டு. நான் குனிந்து ஊசியை இடுக்கியால் எடுத்தேன்.

தலைவர் பெருமூச்சு விட்டார். "இன்னா பண்றது புள்ள? ஆயுசு நம்ம கையிலயா கீது?"

சொல்லிவிட்டுத் தோளை என் பக்கம் திருப்பினார். நான் ஊசியைப் போட்டேன்.