நாலடிக்கு ஒரு போல்ட்

வெர்லின் ஸ்டாம்பர் பத்தொன்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரைக்குப் போல்ட் அடித்தவன். சுரங்கத்தில் தலைக்கு மேலே இருக்கும் பாறை ஒரே கட்டியாக இருக்காது. புத்தகத் தாள் மாதிரி ஏடு ஏடாக இருக்கும். கீழே கரியை எடுத்ததும் ஒவ்வொரு ஏடும் தன்பாட்டுக்குத் தொங்கப் பார்க்கும். நீளமான இரும்புத் தண்டுகளைச் செருகி அவற்றை ஒன்றாக இறுக்குவதுதான் வெர்லினின் வேலை. சுரங்கம் மூடிய பிறகு, கென்டக்கி மலைப்பக்கத்தில் அவன் வயதுக்காரனுக்கு என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. சாமான் கடையில் அட்டைப்பெட்டி பிரித்து அடுக்கினான். அங்கே அவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, "மூணாவது வரிசை முடிஞ்சுதா?" என்பதைத் தவிர.

அதனால்தான் மகள் ரீவா அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு தாளை நீட்டி, "அப்பா, நீயாவது ஏதாவது சொல்லேன்" என்றபோது அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ரீவா ஏழாம் வகுப்பு. அறிவியல் கண்காட்சிக்கு இயற்பியலில் ஒரு தலைப்பை மறுநாளே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் கேஹார்ட் கொடுத்த பட்டியலில் பெண்டுலம், காகித விமானம், காந்தம், உடையாமல் விழும் முட்டை என்று இருந்தன.

"பெண்டுலம் பண்ணேன்."

"போன வருஷம் பதினோரு பேர் பெண்டுலம்பா. கேஹார்ட் சார் பன்னண்டாவதைப் பாத்தா அழுதுடுவாரு."

வெர்லின் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு, "எனக்கு ஒண்ணு தெரியும். ஆனா பட்டியல்ல இல்ல" என்றான்.

கார் ஷெட்டில் வைத்துச் செய்து பார்த்தார்கள். பெயிண்ட் கிண்டும் மெல்லிய குச்சிகள் நாலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பாலம் போட்டான். நடுவில் ஒரு வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். குச்சிகள் இரண்டரை அங்குலம் தொய்ந்தன. அதே மாதிரி வேறு நாலு குச்சிகளை அடுக்கித் துளை போட்டு, ஆறு சின்ன போல்ட் வைத்து இறுக்கினான். அதே வாளி, அதே தண்ணீர்.

"அட! வளையவே மாட்டேங்குது!" ரீவா ஸ்கேலோடு மண்டியிட்டுக் குனிந்தாள். "முக்கால் அங்குலம்தான். அப்பா, நீ விஞ்ஞானிப்பா!"

"ஆமாமா. அட்டைப்பெட்டி விஞ்ஞானி."

மூன்று போல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். ஒன்றரை அங்குலம். இன்னும் கொஞ்சம் ஊற்றியதும் அடிக்குச்சி படாரென்று முறிந்தது. ரீவாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நோட்டில் கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதினாள். எழுதிக்கொண்டே கேட்டாள்.

"நிஜச் சுரங்கத்துல எவ்வளவு தள்ளித் தள்ளி அடிப்பீங்க?"

"நாலடிக்கு ஒண்ணு. எங்களுக்கு எழுதிக் கொடுத்த கணக்கு அது."

"டென்வர் மாமா செத்த இடத்துலயும் நாலடியா?"

டென்வர், வெர்லின் மனைவி ஒனைடாவின் தம்பி. இரண்டரை வருஷத்துக்கு முன்னால், வெர்லின் போல்ட் அடித்த கூரை அவன்மேல் இறங்கியது.

"நாலடிதான்," என்றான் வெர்லின். விசாரணையிலும் அதைத்தான் சொல்லியிருந்தான். அளந்து பார்க்க அங்கே எதுவும் மிஞ்சவில்லை. அத்தனையும் சரிந்துபோனதால் அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் என்று அறிக்கை எழுதினார்கள்.

"அப்போ ஏன்பா விழுந்துச்சு? நம்மளோடது விழலையே?" ரீவா பென்சிலைக் கடித்தாள். "அதையே தலைப்பா வெச்சுடலாம்! சரியா போல்ட் போட்டும் கூரை ஏன் விழுது? மாமா போட்டோவை நடுவுல ஒட்டிடலாம்."

"உங்கம்மாவுக்குப் பிடிக்காது."

ரீவா வீட்டுக்குள் ஓடினாள். அவன் பின்னாலேயே போனான். ஒனைடா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மகள் சொல்லி முடிக்கும்வரை திரும்பவில்லை. பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பிடிக்காதுன்னு யார் சொன்னது? செய்யட்டும், வெர்லின். அவனைப் புதைச்ச நாள்லேர்ந்து நானும் அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவளே போய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வந்து மேஜைமேல் வைத்தாள். ரீவா அதன் அகலத்தை ஸ்கேலால் அளக்க ஆரம்பித்தாள்.

"அஞ்சரை," என்றான் வெர்லின்.

"இல்லப்பா, நாலே கால் அங்குலம்."

"அன்னிக்கு அஞ்சரை அடி விட்டேன்." அவன் ஒனைடாவைப் பார்த்துத்தான் சொன்னான். "நாங்க பின்தங்கிட்டோம். கரி வெட்டுற மெஷின் காத்துக்கிட்டிருந்துச்சு. இடைவெளிய இழுத்து அடி, யாரும் டேப் புடிச்சுப் பாக்கப் போறதில்லன்னு ஃபோர்மேன் சொன்னான். நானும் அடிச்சேன்."

ஒனைடா படத்தை ஸ்கேலுக்கு அடியிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டு நாலடின்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அவன் சவப்பெட்டியைத் தூக்குனியே."

"தூக்குனேன்."

அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் படத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ரீவா அவன் முகத்தைப் பார்க்காமல் நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

அடுத்த வாரம் வெர்லின் நடந்ததைச் சொல்லச் சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தான். நாலு பேருக்கு மாற்றிவிட்டார்கள். கடைசியாக வந்த பெண் தன்மையாகவே பேசினாள். "அந்தக் கம்பெனியே இப்போ இல்லைங்களே. ஃபைலை மூடியாச்சு. வேணும்னா ஒரு கடிதம் எழுதிப் போடுங்க, சேர்த்து வெக்கிறோம்." எழுதிப் போட்டான். பதில் வரவில்லை. ஃபோர்மேன் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே செத்துப்போயிருந்தான். கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒனைடா ரீவாவை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. துணிமணியோடு அந்தப் படத்தையும் எடுத்துப் போனாள்.

பிப்ரவரியில் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கண்காட்சி நடந்தது. வெர்லின் கடை வேலைச் சட்டையோடு வந்து சுவர் ஓரமாக நின்றான். ரீவாவின் மேஜையில் ஒரு நூலும் அதன் நுனியில் ஒரு இரும்பு நட்டும் தொங்கின. பெண்டுலம்தான். அட்டையில் எழுத்தெல்லாம் நேர்த்தியாக இருந்தது, ஒனைடாவின் கையெழுத்து.

"இதை ஏம்மா தேர்ந்தெடுத்தே?" என்று நடுவர் கேட்டார்.

"பட்டியல்ல இருந்துச்சு சார்," என்றாள் ரீவா.

அவர் ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்தார். வெர்லின் கிட்டே போய், "நல்லா செஞ்சிருக்கேம்மா" என்றான்.

"தேங்க்ஸ்," என்றாள். கூட்டத்தில் அம்மாவைத் தேடிப் பார்த்துவிட்டு, "உனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகலையா?" என்று கேட்டாள்.

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "ஆமா, ஆயிடுச்சு," என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான்.