சாமுண்டீஸ்வரியின் மூன்றாவது கேஸ்

காலை டீ இடைவேளை முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆபீஸ் உதவியாளர் சரசா வேகமாக வந்தாள்.

"ஈஸ்வரி, ஹெச்.ஆர். சார் உன்ன கூப்டறாரு. இப்பவே வரணுமாம்."

"இன்னாத்துக்கு?"

"தெரியல. மூஞ்சி சரியில்ல."

சாமுண்டீஸ்வரி கையிலிருந்த ரப்பர் பட்டையைக் கீழே வைத்தாள். கார் கதவுக்குப் போடுகிற பட்டை அது. பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தக் கம்பெனியில் அவளுக்குப் பதினாறு வருஷம். இப்போது பேக்கிங் பிரிவில் முப்பத்திரண்டு பெண்களுக்கு லைன் லீடர்.

ஹெச்.ஆர். உதயகுமார் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். அவளைவிடப் பத்து வயது இளையவர். உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"நம்ம பொண்ணுங்களப் பத்தி ஏதோ நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களாமே?"

"அது என் படிப்புக்கான ரெக்கார்டு சார். கவுன்சலிங் சைக்காலஜி, தபால்ல படிக்கறேன். உங்களுக்கே தெரியும்."

"படிக்கறது தெரியும். இங்க வேலை செய்யறவங்களக் கூப்பிட்டு வச்சு விசாரிக்கறது தெரியாது. யாரைப் பத்தி எழுதியிருக்கீங்க?"

"அத சொல்லக் கூடாது சார்."

"அடுத்த வாரம் கார் கம்பெனிலருந்து கஸ்டமர் ஆடிட்டுக்கு வர்றாங்க. கம்பெனியப் பத்தி எதுவோ எழுத்துல சுத்திட்டு இருக்குன்னு மேனேஜர் என்னைக் குடையறார். நாலு மணிக்குள்ள அந்த நோட்டு இந்த மேசைக்கு வந்தாகணும். வரலைன்னா சஸ்பென்ஷன். எனக்கு வேற வழியில்லைங்க."

வெளியே வந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஷிப்ட் இன்சார்ஜ் தங்கராஜ், யாரிடமோ போனில் பேசுகிற மாதிரி நின்றிருந்தான். போன் திரை அணைந்திருந்தது.

யார் போய்ச் சொன்னது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

சாமுண்டீஸ்வரி திருநின்றவூர்க்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் மனையாகிப் போனபோது இவள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகன் திருமுருகன் ஒரு சமயம் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒரு மாசம் அடம்பிடித்தான். பள்ளியிலிருந்த கவுன்சலர் அம்மாள் அவனோடு மூன்று நாள் பேசினாள். நாலாம் நாள் பையன் தானாகப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினான். சாமுண்டீஸ்வரிக்கு அதிசயமாக இருந்தது. 'இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா? ட்ரெயின்ல கூட வர்றவங்க கஷ்டத்தக் கேட்டு நான் இத்தன வருஷமா இதத்தானே சும்மா செஞ்சுகினு கீறேன்!' என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தாள். பி.ஏ. ஏற்கெனவே தபாலில் முடித்திருந்தாள். அந்த வருஷமே எம்.எஸ்.ஸி.க்குப் பணம் கட்டினாள்.

சும்மா செய்ததற்கும் படித்துச் செய்வதற்கும் எவ்வளவு தூரம் என்பது ஆவடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வகுப்பெடுத்த ஜஸ்டின் சாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேசவிடுவார். சாமுண்டீஸ்வரி எப்போதும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்வாள். எதிராளி பேச்சை நிறுத்தினால் அந்த இடைவெளியை அவளால் தாங்க முடியாது. உடனே புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

"அக்கா, அவங்க சும்மா இருந்தா நீங்களும் சும்மா இருங்க. அடுத்த பேச்சு அவங்களோடதுதான் வரணும்" என்பார் ஜஸ்டின்.

"வாய மூடிகினு இருக்கறதுக்கா சார் ஃபீஸ் கட்டனேன்?" என்று இவள் கேட்டதற்கு வகுப்பே சிரித்தது.

இரண்டாம் வருஷம் ஐந்து பேரோடு பேசி ரெக்கார்டு எழுத வேண்டும். ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கி, வெளியே சொல்லமாட்டேன் என்று தானும் கையெழுத்துப் போட வேண்டும். பெயரோ ஊரோ எழுதக் கூடாது. நான்கு பேர் திருநின்றவூரில் அக்கம்பக்கத்துக்காரர்கள். மூன்றாவது கேஸ் மட்டும் கம்பெனிப் பெண், ரேஷ்மா. திண்டிவனத்திலிருந்து வந்து பட்டரவாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள். இருபத்திரண்டு வயது. பட்டையைத் தடவும்போது கை நடுங்கியது. தூக்கம் வரவில்லை என்றாள். சாப்பாட்டு நேரத்தில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து நான்கு தடவை பேசினார்கள். நான்காவது தடவைதான் காரணம் வெளியே வந்தது. தங்கராஜ். கழிவறைக்குப் போக அனுமதி கேட்டால் அவன் சொல்கிற அசிங்கமான பேச்சு. ஸ்டோர் ரூமில் அவன் கை போன இடம்.

சாமுண்டீஸ்வரி அதை ஏழு பக்கம் எழுதினாள். புகார் கொடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம், வீட்டுக்குத் தெரிந்தால் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ரேஷ்மா கெஞ்சினாள். அதோடு விட்டாள்.

பிறகு எப்படித் தங்கராஜுக்குத் தெரிந்தது?

அதற்கான பதில் அவளுக்கே தெரியும். போன வாரம் மாலை எலக்ட்ரிக் ட்ரெயினில் ஸ்டோர்ஸில் வேலை செய்யும் விஜியோடு வந்துகொண்டிருந்தாள். மனசு தாங்காமல், "எங்க லைன்ல ஒரு பொண்ணு பாவம் விஜி, இந்த இன்சார்ஜ் பொறுக்கி அத பாடாப் படுத்தறான். எழுதும்போது எனக்கே கை ஆடுது" என்று சொல்லிவிட்டாள். பெயர் சொல்லவில்லை. விஜி கெட்டவளும் இல்லை. கேன்டீனில் யாரிடமோ அங்கலாய்த்திருப்பாள். தங்கராஜ் காதுக்குப் போக அதுவே போதும்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. லாக்கரிலிருந்து ரெக்கார்டை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனாள். ரேஷ்மா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

"ரேஷ்மா, இந்த நோட்ட ஹெச்.ஆர். கேக்கறாரு. தங்கராஜுக்கு விஷயம் தெரிஞ்சிபோச்சி."

டிபன் பாக்ஸ் மூடி கீழே விழுந்து உருண்டது. "எப்படிக்கா?"

பொய் சொல்ல ஒரு வினாடி போதும். யார் சொன்னார்களோ தெரியவில்லை என்றால் இந்தப் பெண் நம்பிவிடுவாள்.

"நாந்தான். ட்ரெயின்ல விஜிகிட்ட வாய விட்டுட்டேன். பேர் சொல்லல. ஆனா தப்பு என்னுதுதான்."

"பேர் சொல்லலன்னா?" ரேஷ்மாவின் குரல் கீச்சிட்டது. "நம்ம லைன்ல கை நடுங்கற பொண்ணு எத்தன பேருக்கா இருக்காங்க? யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே. எங்கம்மாகிட்ட சொல்லாதத உங்கிட்ட சொன்னேனே!"

சாமுண்டீஸ்வரி சமாதானம் சொல்லத் துடித்த நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"இது நீ சொன்னது. உன்னோடது. நான் இன்னா பண்ணணும், நீ சொல்லு."

"எனக்குக் குடுத்துடு. எல்லாத்தையும்."

சாமுண்டீஸ்வரி அந்த ஏழு பக்கத்தையும் சம்மதத் தாளையும் தையலோடு ஒட்டிப் பிடித்து ஒவ்வொன்றாகக் கிழித்தாள். ரேஷ்மா அவற்றை மடித்து யூனிபார்ம் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். சாப்பாட்டைத் தொடாமலே எழுந்து போனாள்.

இரண்டு மணிக்குத் தங்கராஜ் லைனுக்கு வந்தான். சாமுண்டீஸ்வரியின் முதுகுக்குப் பின்னால் நின்றான். பட்டைகளைப் பார்வையிடுகிற பாவனை.

"இன்னாக்கா, பெரிய டாக்டராயிட்ட போல?"

அவள் திரும்பவில்லை.

"புள்ள ஒம்போதாவது படிக்குதுல்ல? வேல முக்கியம்க்கா. ஊர் கதயெல்லாம் நமக்கு எதுக்கு?"

அவன் நகர்ந்து போகிறவரை ஒரே பட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். மூன்று பெண்கள் தள்ளி ரேஷ்மாவின் தலை குனிந்திருந்தது. தங்கராஜ் அங்கே நின்றால் தானும் போய் நிற்பதென்று சாமுண்டீஸ்வரி பட்டையைக் கீழே வைத்தாள். அவன் நிற்காமல் போனான்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரெக்கார்டை எடுத்துக்கொண்டு உதயகுமாரின் அறைக்குப் போனாள். தங்கராஜும் அங்கே உட்கார்ந்திருந்தான்.

"கொண்டு வந்துட்டீங்களா? குடுங்க."

அவள் உட்கார்ந்தாள். ரெக்கார்டை மடியில் வைத்து இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"இதுல நாலு பேர் இருக்காங்க சார். நாலு பேருமே எங்க ஊர்க்காரங்க. நம்ம கம்பெனி ஆளு ஒருத்தரும் இல்ல. அதனால இத உங்ககிட்ட குடுக்க முடியாது. சஸ்பென்ஷன்னா ஆர்டர் குடுங்க, வாங்கிக்கறேன்."

"இல்லைன்னு நீங்க சொன்னா ஆச்சா? நான் பார்க்க வேணாமா?"

அவள் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இனி எது பேசினாலும் உளறலாகத்தான் போகும் என்று தெரிந்தது. உதயகுமாரின் முகத்தையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதயகுமார் பேனாவைத் திருகினார். ஏ.சி. உறுமிற்று. வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. அவள் பேசவில்லை. உதயகுமாரும் பேசவில்லை.

தங்கராஜ் நாற்காலியில் அசைந்தான். தொண்டையைச் செருமினான். ஒருமுறை இவளையும் ஒருமுறை அவரையும் பார்த்தான்.

"சார், இவங்க நடிக்கறாங்க சார். அந்தப் பொண்ணு சொல்றது சுத்தப் பொய். ஸ்டோர் ரூம்ல நான் அது மேல கையே வெக்கல."

உதயகுமாரின் பேனா நின்றது.

"எந்தப் பொண்ணு?"

தங்கராஜின் வாய் திறந்தபடி இருந்தது.

"கம்பெனியப் பத்தித் தப்பா எழுதறாங்கன்னுதானே எங்கிட்ட வந்து சொன்னீங்க? ஸ்டோர் ரூம் எங்கிருந்து வந்தது?"

"இல்ல சார்... கேன்டீன்ல பேசிக்கறாங்கன்னு..."

உதயகுமார் பேனாவை மூடி வைத்தார். அவருக்கு இது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆடிட் வருகிற வாரத்தில் இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் காதில் விழுந்துவிட்டது, அதுவும் மூன்றாவது ஆள் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கும்போது.

"நீங்க போங்கம்மா" என்றார். "நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்."

சாமுண்டீஸ்வரி படியிறங்கி, ரெக்கார்டை லாக்கரில் வைத்துப் பூட்டினாள்.

அதன்பின் நடந்ததெல்லாம் அவசரமில்லாமல்தான் நடந்தது. மூன்று வாரம் கழித்து ரேஷ்மா, பெண்களுக்கான புகார்க் குழுவிடம் தானே எழுதிக்கொடுத்தாள். அந்த ஏழு பக்கத்தைக் காட்டினாளா, கிழித்துப் போட்டாளா, யாருக்கும் தெரியாது. தங்கராஜ் வேலையை இழக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் யூனிட்டுக்கு மாற்றினார்கள், அவ்வளவே. சாமுண்டீஸ்வரியிடமிருந்து லைன் லீடர் பொறுப்பையும் வாங்கிக்கொண்டு டிஸ்பாட்சுக்கு அனுப்பினார்கள். காரணம் எதுவும் எழுத்தில் வரவில்லை. ரேஷ்மா அவளோடு பேசவில்லை. கேன்டீனில் இவள் வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள்.

ஜஸ்டின் சார் நான்கு கேஸோடு ரெக்கார்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். "ஐஞ்சு வேணும்க்கா. நான் ஒண்ணும் பண்ண முடியாது." தேர்வு ஆறு மாசம் தள்ளிப் போயிற்று. புதிதாக ஒருவரோடு உட்கார்ந்து எழுதி, அடுத்த தடவை வாய்மொழித் தேர்வுக்குப் போனாள்.

தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார். "நடுவுல ஏழெட்டுத் தாள் கிழிஞ்சிருக்கே?"

"அவங்க திருப்பிக் கேட்டாங்க சார். குடுத்துட்டேன்."

"ஏன் கேட்டாங்க?"

"அவங்க சொன்னத நான் வெளிய சொல்லிட்டேன். பேர் இல்லாமதான் சொன்னேன். ஆனா சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். எதுவும் எழுதவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். முடிவு வந்தபோது அந்தத் தேர்வில் அறுபத்தெட்டு மதிப்பெண்.

அதற்குள் ரேஷ்மா வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தாள். எங்கே என்று சாமுண்டீஸ்வரி விசாரிக்கவில்லை. ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல்.

"ஈஸ்வரியக்காவா? நான் சென்னீர்குப்பத்துல ஒரு கம்பெனில வேலை பார்க்கறேன். ரேஷ்மாதான் நம்பர் குடுத்தா."

சாமுண்டீஸ்வரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். "சொல்லும்மா" என்றாள்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அவள் காத்திருந்தாள்.