படகில் அம்மாவுக்கு ஓர் இடம்

எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே ஓடும் ஆறு சிவனொளிபாதமலைக் காட்டில் பிறந்து, தேயிலைக்கு நடுவே இறங்கி, நீர்த்தேக்கத்தில் அடைபட்டு, மின்நிலையத்தில் வேலை செய்து முடித்த பிறகு, கித்துல்கலையில்தான் கொஞ்சம் விளையாடும். அங்கே ரப்பர் படகில் ஆட்களை ஏற்றிப் பாறைகளுக்கிடையே பாயவிடுவார்கள்.

சித்தப்பா அங்கே படகோட்டியாகச் சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை படகில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அண்ணி வரட்டும் என்று சொல்லியனுப்பினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே ஆற்றில் துணி துவைத்துவரும் அம்மா, அது கீழே எப்படிப் போகிறது என்று பார்த்ததில்லை. மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். முதல் நாள் மாலையே எலுமிச்சந்தோலால் விரல்களில் தேயிலைக் கொழுந்து பறித்த கறையைத் தேய்த்துக்கொண்டாள்.

அட்டனிலிருந்து பஸ்ஸில் போனோம். அவள் மடியில் ஒரு பெரிய பை இருந்தது. சாப்பாடு என்று நினைத்தேன். ஆற்றங்கரையில் திறந்தபோது, அந்த வாரத்து அழுக்குத் துணியும் ஒரு கட்டிச் சவர்க்காரமும் இருந்தன.

மேலே மின்நிலையத்தில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. திறந்தால்தான் படகு ஓடும். சித்தப்பா அம்மாவுக்கு லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் மாட்டிவிட்டார். அவற்றோடே அவள் பாறையில் குந்தித் துவைக்கத் தொடங்கினாள். படகில் போக வந்திருந்த கொழும்புப் பையன்கள் போனில் படம் எடுத்தார்கள்.

“என்னங்க அண்ணி, போட்ல போக வந்தீங்களா, உடுப்பு தொவைக்க வந்தீங்களா?” என்றார் சித்தப்பா.

“ரெண்டுக்குந்தான் தம்பி. லீவு இருக்கிறது இந்த ஒரு நாளு. ஆத்துக்கு வெறுங்கையோட வந்து எனக்குப் பழக்கமில்ல.”

துவைத்ததையெல்லாம் பாறையில் விரித்தாள். எனது வெள்ளைப் பள்ளிச் சீருடையைத் தண்ணீருக்கு அருகில், வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போட்டாள். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

சற்று நேரத்தில் ஆற்றின் நிறம் மாறி, மட்டம் ஏறியது. சித்தப்பா விசிலடித்தார். பின்னால் வேறு படகுகள் காத்திருந்தன.

“அண்ணி, ஓடியாங்க!”

அம்மா ஒரு காலைப் படகில் வைத்துவிட்டாள். அப்போதுதான் சீருடையின் கை தண்ணீரில் மிதப்பதைக் கண்டாள். வைத்த காலை எடுத்துக்கொண்டு பாறையை நோக்கி ஓடினாள்.

“நிக்க முடியாது அண்ணி!” என்று சித்தப்பா கத்தினார்.

“பாப்பா, நீ ஏறிக்க! எடத்த வீணாக்காத!” என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

சித்தப்பா எனக்கு வேறொரு ஜாக்கெட்டை அவசரமாகக் கட்டி, தூக்கி உள்ளே வைத்தார். நான் முழுத் தூரமும் கண்ணை மூடிக் கத்திக்கொண்டே போனேன்.

படகு நின்ற இடத்திலிருந்து எங்களை வேனில் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது, அம்மா பிழிந்த சீருடையை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றியிருக்கவில்லை.

“கீழ எப்புடி இருக்கு?” என்று கேட்டாள்.

“நான் எங்க பாத்தேன், கண்ண மூடிக்கிட்டேன்ல!” என்று பெருமையாகச் சொன்னேன்.

சித்தப்பா அவளது ஜாக்கெட்டின் பட்டிகளை அவிழ்த்தார். “அடுத்த மாசம் கட்டாயம் வாங்க அண்ணி. முன்னுக்கே எடம் புடிச்சுத் தாறேன்.”

“சரி தம்பி” என்றாள் அம்மா.

பஸ்ஸில் அவள் முன்சீட்டுக் கம்பியில் தலையைச் சாய்த்து, கினிகத்தேனை வருமுன்பே தூங்கிவிட்டாள். படகில் முன்னால் உட்கார்ந்தால் முகமெல்லாம் நனையும், அடுத்த மாதம் அவளை நடுவில் உட்காரச் சொல்ல வேண்டும் என்று நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.