சொந்தச் சட்டையில் வரும் எதிரி

கடலூர் முதுநகரில் அந்தோணிசாமி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். 'கோபம்' வீடு என்றால் உடனே கை காட்டுவார்கள். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தவக்காலம் தோறும் பங்குக் கோயில் மைதானத்தில் நடக்கும் 'ஆன்மப் போர்' நாடகத்தில் இருபத்தெட்டு வருடம் 'கோபம்' என்ற பாத்திரமாக வந்து, வாள் வீசி, பொறுமையிடம் தோற்று விழுந்தவர்.

அந்த நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மனசு என்ற கோட்டையைக் காக்கும் பொறுமைக்கும் விசுவாசத்துக்கும் சிதம்பரத்திலிருந்து வாடகைக் கிரீடமும் தகரக் கவசமும் வரும். கோட்டையைத் தாக்கும் பாவங்களுக்கு வேஷமே கிடையாது. வீட்டிலிருந்து போட்டுவந்த சட்டையோடு மேடையேற வேண்டும். தன்னிடம் எந்தக் குணம் ஜாஸ்தி என்று அவனவனே சொல்லி அந்தப் பாத்திரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு வருடம் பொறாமைக்கு மூன்று பேர் போட்டி போட்டதை நினைத்தால் அந்தோணிசாமிக்கு இன்றும் சிரிப்பு வரும். துறைமுகக் காற்றில் படுதா புடைக்கும். மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்து உட்கார்ந்த பெண்கள், "கோபம் மாமா, நல்லா வாங்கிக்க" என்று கத்துவார்கள். அவர் விழுந்ததும் மனைவி ஜெயராணிதான் முதலில் கைதட்டுவாள்.

கொரோனாவில் நின்றுபோன நாடகம் இந்த ஆண்டு மறுபடி தொடங்கியது. ஒத்திகையன்று இளைஞர் மன்றச் செயலர் ஜெயப்பிரகாஷ் ஒரு மூட்டையை அவிழ்த்தான். தலைப்பாகை, ஒட்டுத்தாடி, நீள அங்கி.

"யாருக்குய்யா இதெல்லாம்?" என்றார் அந்தோணிசாமி.

"பாவங்களுக்கு மாமா. சட்டையோட நின்னா எதிரி யாருன்னு ஜனங்களுக்கு எப்டி தெரியும்?"

"தாடியப் பாத்தா சைக்கிள் கட பாய் மாதிரி இருக்கு. அவுரா நம்ம எதிரி? வருஷா வருஷம் முன்னாடி உக்காந்து பாக்குறவரு."

"புனிதப் போருன்னா ஒரு கெத்து வேணாமா மாமா?"

அந்தோணிசாமிக்குக் கோபத்தில் கண்மண் தெரியவில்லை. ஜெயப்பிரகாஷின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பொத்தான்கள் தெறித்தன. நாலு பேர் சேர்ந்து விலக்கினார்கள். ஒத்திகை அதோடு கலைந்தது.

வீட்டுக்கு வந்தும் மூச்சு வாங்கியது. "சாமிக்காகத்தான் சண்ட போட்டேன்" என்றார்.

"சாமி கேட்டாரா?" என்றாள் ஜெயராணி, சாம்பாரை ஊற்றியபடி.

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை, ஜங்ஷன் பக்கத்தில் ஜெயப்பிரகாஷ் நடத்தும் செல்போன் கடைக்குப் போய் நின்றார். அவன் நிமிரவில்லை.

"தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நேத்து அங்க எதிரி யாரு?"

"நீங்கதான்."

"எந்த வேஷத்துல வந்தேன்?"

ஜெயப்பிரகாஷ் கையிலிருந்த போனை ஓரமாக வைத்தான். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்தான்.

"வாடகைக் கடையில திருப்பிக் குடுக்கணும். சிதம்பரம் பஸ்ஸுல ஒத்த ஆளா தூக்கிட்டுப் போவ முடியாது. நீங்களும் வாங்க. ஆனா ஸ்டேஜ் லைட்டு மட்டும் நான் சொல்ற மாதிரிதான்."

"போட்டுக்கய்யா" என்று அந்தோணிசாமி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.