மஞ்சள் பட்டையோடு ஒரு வாட்டர் பார்க் நாள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாட்டர் பார்க்குக்கு அழைத்துப்போய் இரண்டு மாதம் ஆகிறது. வந்ததுமே எழுதுகிறேன் என்று வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லியிருந்தேன். தள்ளிப்போட்டதற்கு நேரமின்மை காரணம் இல்லை.

சிட்லபாக்கத்தில் என் மகள் யாழினி படிக்கும் பள்ளியில், சுற்றுலா என்றால் வகுப்பாசிரியரோடு ஒரு அம்மாவும் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த வருடம் நான். முப்பத்தாறு பிள்ளைகள், ஷீலா மிஸ், உதவிக்கு இன்னும் இரண்டு டீச்சர்கள். பூங்காவின் பெயர் வேண்டாம். கேளம்பாக்கம் தாண்டி இருக்கிறது. குழுவாகப் போனால் முன்கூட்டியே பட்டியல் கேட்பார்கள்: பெயர், வயது, உயரம். 120 செ.மீ.க்கு மேல் இருந்தால் கையில் நீலப் பட்டை, எல்லாச் சறுக்குகளிலும் ஏறலாம். அதற்குக் கீழே மஞ்சள். முழங்கால் ஆழக் குளத்தோடு சரி. பட்டியலைப் பார்த்தே பட்டை கட்டிவிடுகிறார்கள், வாசலில் யாரும் அளப்பதில்லை.

யாழினி 123. எனக்கு நீச்சல் தெரியாது. அந்த நான்கு மாடி உயரச் சறுக்கை வீடியோவில் பார்த்ததிலிருந்து பயம் விடவில்லை. அவளோ ஒரு மாதமாக அதைப் பற்றித்தான் பேசினாள். வேண்டாம் என்றால் அழுவாள், ஏன் என்று கேட்பாள். கைப்பட எழுதிய பட்டியலில் 117 என்று போட்டு, டைப் செய்யச் சொல்லி மிஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன். தடுப்பது பூங்கா விதி, நான் இல்லை. அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை 7.10க்குப் பஸ் கிளம்பியது. ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூரைத் தாண்டவே அரை மணி நேரம். நான் மூன்றாவது முறையாகத் தலை எண்ணியபோது டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"மேடம், வண்டி ஓடிக்கினே கீது. எவனும் எறங்கிப் போவல. குந்துங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். "அம்மா, ப்ளீஸ் உக்காரு," என்றாள் யாழினி, பல்லைக் கடித்துக்கொண்டு.

வண்டலூரில் இடதுபுறம் திரும்பியதும் வேகம் பிடித்தது. மொத்தம் 34 கி.மீ.; 8.35க்கு வாசலில் இருந்தோம்.

பெரிய சறுக்கின் படிக்கட்டருகே உயரம் பார்க்க ஒரு கம்பி வைத்திருக்கிறார்கள். யாழினியின் தலை அதைத் தாண்டியே இருந்தது. அங்கிருந்த ஊழியர் அவள் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார்.

"பாப்பா ஹைட் கரெக்டா இருக்கு. ஆனா பேண்ட் மஞ்சளா இருக்கே. லிஸ்ட்ல கொறச்சுக் குடுத்துட்டாங்க போல. கவுண்டர்ல டீச்சரோ அம்மாவோ கையெழுத்துப் போட்டா மாத்தித் தருவாங்க."

ஷீலா மிஸ் போனில் பட்டியலைத் தேடினார். "117ன்னு இருக்கே. நான்தான் டைப் பண்ணும்போது தப்பாப் போட்டிருப்பேன். சாரிடா கண்ணா. இரு, போய் மாத்திட்டு வரேன்."

பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வாக்கியம் போதும். "இத்தனை பிள்ளைங்கள விட்டுட்டு எப்படிப் போவீங்க? பரவால்ல மிஸ், அவ சின்னக் குளத்துலயே விளையாடட்டும்," என்றேன். கவுண்டர் ஐந்து நிமிட நடை. நானே போயிருக்கலாம்.

யாழினி சின்னக் குளத்தில் இறங்கவில்லை. கரையில் உட்கார்ந்து, மேலிருந்து கத்திக்கொண்டு இறங்கும் தோழிகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் மிஸ் நீட்டிய சாக்லேட்டை வாங்கவில்லை.

மறுநாள் காலை அவள் அப்பாவிடம், "மிஸ்ஸுக்கு ஒரு நம்பர்கூட ஒழுங்கா எழுதத் தெரியல," என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன்.

அவள் அழவில்லை. "அப்போ மிஸ் ஏன் சாரி சொன்னாங்க?"

"அவங்களுக்குத் தெரியாதும்மா."

"உனக்குத் தெரியும்ல?"

திங்கட்கிழமை பள்ளி வாசலில் ஷீலா மிஸ்ஸிடமும் சொன்னேன். "அங்கயே சொல்லியிருந்தா ஏறியிருப்பா," என்றார். மணி அடித்தது, உள்ளே போய்விட்டார்.

போகத் திட்டமிடுபவர்களுக்கு: காலை 6.30க்கே கிளம்புங்கள். குழுக் கட்டணம் மதியச் சாப்பாட்டோடு தலைக்கு 650, பஸ்ஸுக்கு 270. பருத்தி உடையில் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அங்கே வாடகை அதிகம். உயரத்தைப் பள்ளியிலேயே, பிள்ளைகள் பார்க்க அளந்து எழுதுங்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அழுதாலும் பரவாயில்லை. நான் அதைச் செய்யவில்லை.

போன வாரம் அடையாள அட்டைக்காகப் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. நிரப்பலாம் என்று கையை நீட்டினேன். யாழினி தரவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு போய், பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, உயரம் எல்லாவற்றையும் தன் கோணல் எழுத்தில் அவளே எழுதினாள். பிறகு என் முன்னால் வைத்து, கீழே பெற்றோர் கையெழுத்துக்கான கோட்டை விரலால் காட்டினாள்.

"இங்க மட்டும் போடு."