மேச்சேரிக்குப் போகாத தத்துவம்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில், பல் மருத்துவரின் பெயர்ப்பலகைக்குக் கீழே சென்ற மாதம் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. ‘ஃபிலசோஃபிஷே ப்ராக்ஸிஸ்.’ தத்துவ ஆலோசனை நிலையமாம். பல் வலித்தால் முதல் மாடி, வாழ்க்கை வலித்தால் இரண்டாம் மாடி. இரண்டுக்கும் முன்கூட்டியே நேரம் கேட்டு ‘டெர்மின்’ வாங்க வேண்டும். ஜெர்மன்காரருக்குச் சந்தேகம்கூடச் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குத்தான் வரும் போலிருக்கிறது. படியில் எதிர்ப்பட்ட அந்தத் தத்துவ டாக்டரிடம், நானும் தத்துவத்தில் எம்.ஏ. என்றேன். மனிதருக்கு ஒரே மகிழ்ச்சி. “இந்தியராயிற்றே! எனக்கு முதுகுவலி. யோகா சொல்லித் தருவீர்களா?” என்றார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறவன் என்று சொல்லி அவரை ஏமாற்ற மனம் வரவில்லை.

தத்துவத்தைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே கொண்டுவந்த முன்னோடிகள் தாங்கள்தாம் என்று அவர் பீற்றிக்கொண்டார். எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில் நானும் அதே கடையைத் திறந்தவன்தான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில், வெல்டிங் ஓய்ந்திருக்கும் ஞாயிறு காலைகளில், ‘சிந்தனை வட்டம்’. கல்லூரியில் வேலை கிடைக்காத கோபத்துக்கு மக்கள் சேவை என்று பெயர் வைத்திருந்தேன். டிரைவர்களும் தறிக்காரர்களுமாகப் பத்துப் பேர் வருவார்கள். பாவம், தத்துவம் படித்தவன் நியாயம் சொல்வான் என்று நம்பிவிட்டார்கள். வரப்புத் தகராறுக்குக்கூட என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நானோ காரண காரியம் பற்றி வகுப்பெடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னுசாமி என்ற டிரைவர் எழுந்து நின்றார். “மேச்சேரிப் பக்கம் ஆடு ஓட்டிக்கிட்டுப் போன ஒருத்தர வண்டி தட்டிருச்சுங்க. கண்ணாடில பாத்தேன், எந்திரிச்சு உக்காந்தாரு. பயத்துல நிக்காம வந்துட்டனுங்க. எட்டு நாளாச் சோறு எறங்கல. திரும்பப் போயி மொகத்தக் காட்டோணுங்களா, வேண்டாமுங்களா?”

அரை மணி நேரம் பேசினேன். கடமை ஒரு பக்கம், விளைவு மறு பக்கம். எந்தப் பக்கமும் சாயாமல் பேசியதில் எனக்கே என்மேல் மரியாதை கூடியது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அதெல்லாஞ் சரிங்க. நாளைக்குப் போலாம்னு இருக்கறன். நீங்க கூட வாரீங்களா? ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல நின்னாப் போதும்.”

விசா விஷயமாக மெட்ராஸ் போக வேண்டும் என்றேன். போக வேண்டியது வியாழக்கிழமை. அடி விழும் என்று பயந்தேன், அவ்வளவுதான். அவர் தனியாகப் போனார், அடியும் விழுந்தது. அந்த ஆட்டுக்காரர் கால் ஒடிந்து, நாட்டுக்கட்டுப் போட்டுக் கிடந்திருக்கிறார். வீங்கிய முகத்தோடு பொன்னுசாமிதான் அவரைச் சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். அடுத்த ஞாயிறு பட்டறைக்கு ஒருவரும் வரவில்லை என்று கேள்வி. நானும்தான் போகவில்லை.

சென்ற வருடம் விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஒருவழியாக மேச்சேரிக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து அந்த ஆட்டுக்காரரின் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒரு காலைச் சாய்த்து நடந்துவந்தவர் கட்டிலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். பொன்னுசாமியின் சிநேகிதன் என்றேன்.

“எங்க அண்ணனோட சிநேகிதருங்களா! எம்புள்ள கல்யாணத்துக்கு மூணு நாள் இங்கயே இருந்து பந்தி பாத்தாருங்க.” பிறகு என் ஷூவைப் பார்த்தார். “உங்களப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலீங்களே சாமி. எந்த ஊருங்க?”

நாமக்கல் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒருவர் அடிபட்டது தெரிந்தும், அரை நாள் பஸ் பயணத்தில் இருந்துகொண்டு வராதவனின் ஊர் அது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜெர்மனி என்றேன்.

“அத்தனை தொலவுல இருந்தா வாரீங்க!” என்று அவர் இன்னொரு தம்ளர் மோர் ஊற்றினார்.

“ஆமாங்க” என்றேன்.