மீட்டரை அளந்த கில்தோ

எங்கள் மனாபி மாகாணக் கடற்கரையில் இறால் குஞ்சுப் பண்ணைகளுக்குப் பஞ்சமில்லை. கருவிகளைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் கிடைக்காது. எங்கள் பண்ணைக்குக் கில்தோ இருந்தான். நல்லவன்தான், ஆனால் மின்சாரம் அளக்கும் அவனுடைய மல்டிமீட்டர் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு. சமையல்காரி நான் சூப்பில் உப்பு சரி என்றால்கூட, அளந்து பார்க்க அதை நீட்டிச் சிரிப்பான்.

தொட்டிகளைக் கவனித்தவள் தொமித்திலா, இறந்துபோன அவன் அண்ணனின் மனைவி. மூன்று பிள்ளைகளுக்கும் அந்த ஒரு சம்பளம்தான்.

ஒரு காலை அவள் பதறி வந்தாள். "தம்பி, தண்ணியில புளிப்பு ஏறுதுன்னு தொட்டிக் கருவி காட்டுது. மாத்திடட்டுமா?"

புளிப்பை, அதாவது அமிலத்தை, அளக்கும் அந்தக் கருவியின் கண்ணாடிக் குச்சியைக் கில்தோ கழற்றி, சோதனைத் திரவத்தில் முக்கி, மீட்டரை வைத்தான். கிட்டத்தட்ட சைபர்; நல்ல குச்சி என்றால் கொஞ்சமாவது வோல்ட் காட்டியிருக்க வேண்டும்.

"குச்சியே செத்துப்போச்சு, அண்ணி. சும்மா தண்ணிய மாத்தினா குஞ்சு தாங்காது. தொடாதீங்க."

மாலைக்குள் தொட்டி முழுக்கக் குஞ்சுகள் செத்துக் கிடந்தன. முதலாளி அவளைத்தான் பிடித்தார். "தண்ணியப் பாக்குறதுதானே உன் வேலை?" அவள் கில்தோ பெயரை எடுக்கவே இல்லை. அன்றே வேலை போனது.

புதுக் குச்சி வந்தது. மீட்டரை வைத்தான். அதுவும் சைபர்! அப்போதுதான் அந்த மடையனுக்கு மீட்டரையே அளக்கத் தோன்றியது. ஒன்பது வோல்ட் பேட்டரியை நேராக வைத்தால் ஒன்பது. நடுவே பத்து மெகா ஓம் மின்தடை போட்டால் பாதி. ஆக, மீட்டருக்குள்ளும் அதே பத்துதான்; கண்ணாடிக் குச்சிக்குள்ளோ அதைப் போலப் பல மடங்கு தடை. பேட்டரியை எடுத்துவிட்டுத் தடையை மட்டும் வைத்தபோதும் ஏதோ துளி எண் நின்றது; மீட்டரே மின்சாரம் கசியவிட்டது. குச்சியிடம் இருந்த சொற்ப வோல்ட்டை, ருசி பார்க்கிறேன் என்று மீட்டரே நக்கித் தீர்த்திருக்கிறது. பழைய குச்சி சாகவில்லை; அது காட்டிய புளிப்பு உண்மைதான்.

முதலாளியிடம் ஓடினான். "தப்பு என்னுது. அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க."

"அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சு. உன்ன மாதிரி ஆளுக்கு நான் எங்க போவேன்? போய் வேலையப் பாரு."

தொமித்திலா வீட்டுக்கு அவனோடு நானும் போனேன். குவாயாகில் நகரத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மீட்டரையும் பேட்டரியையும் எடுத்து வைத்து எல்லாம் விளக்கினான். "மீட்டர் ஏமாத்திடுச்சு, அண்ணி."

அவள் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"நான் மீட்டரையா வந்து கேட்டேன்? உன்னத்தானே கேட்டேன்."